நான்கு விரல் உயரம்

சாமல்பட்டி
8.8.1988

அன்புள்ள மச்சானுக்கு கோவிந்தப்பன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை பூவம்மாளும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஓசூர் குளிரில் ராஜாத்தி அக்காவுக்கு இளைப்பு எப்படி இருக்கிறது என்று பூவு என்னைத்தான் தினமும் கேட்கிறாள், என்னமோ நான் டாக்டர் மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை கல்லேரிக் கொட்டாயிலிருந்து சென்னம்மாளைப் பிரசவத்துக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். நடுவில் ஒரு பாறை இருக்கிறது, அது என் வண்டிக்கென்றே பிறந்தது. வண்டியின் வயிற்றிலிருக்கும் கியர் பெட்டி அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. கடப்பாரை போட்டு நெம்பி, மாடு கட்டி இழுத்து வெளியே எடுக்க இரண்டரை மணி நேரம். ஊத்தங்கரை ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை போய்விட்டது. அவள் வீட்டுக்காரர் மதுரைவீரன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. 'வாடகை எவ்ளோங்க' என்று கேட்டார். மச்சான், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பாறையை உடைக்கலாமே என்பீர்கள். பஞ்சாயத்தில் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. ஒன்றை உடைத்தால் அடுத்த வெள்ளம் இன்னொன்றை உருட்டிக்கொண்டு வரும். வண்டியைத்தான் தூக்க வேண்டும். நான்கு விரல் உயர்த்தினால் போதும், எந்தப் பாறையும் தட்டாது. ரயில் ஸ்டேஷனுக்கும் கொட்டாய்க்கும் தினம் ஆறு நடை ஓடுகிற வண்டி, பத்து நாள் நிறுத்திவைக்க முடியாது. புது ஸ்பிரிங் செட் வாங்க எனக்கு வக்கில்லை. ஊத்தங்கரை மெக்கானிக் 'கட்டை வெச்சி தூக்கிடலாம்பா, ஒரு நாள் வேலை' என்கிறார். ஸ்பிரிங் கம்பெனியில் இருக்கிறவர் நீங்கள். என்ன செய்யட்டும்?

பதில் எதிர்பார்க்கும்,
கோவிந்தப்பன்


ஓசூர்
17.8.1988

மாப்பிள்ளை கோவிந்தப்பனுக்கு ரத்தினவேலின் ஆசிகள். ராஜாத்திக்கு இளைப்பு பரவாயில்லை. சென்னம்மாள் விஷயத்தைப் படித்துவிட்டு அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த மெக்கானிக் பேச்சைக் கேட்காதீர்கள். அவர் சொல்வது அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை. பின்னால் வைத்தால் போனால் போகிறது. முன்னால் வைத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தால் கட்டை நழுவும். ஸ்டீரிங் உங்கள் கையில் இருக்கும், வண்டி அது பாட்டுக்கு வேறெங்காவது போகும். பட்டை தொங்குகிற கொக்கியை நீளமாக்கலாம் என்பார்கள். செலவு குறைவுதான், வண்டி குடித்தவன் மாதிரி அலையும். பழைய பட்டையை உலையில் காய்ச்சி வளைவைக் கூட்டலாம் என்பார்கள். மூன்று மாதத்தில் பழையபடி படுத்துவிடும்.

இப்போது உங்கள் மச்சான் சொல்வதைக் கேளுங்கள். பன்னிரண்டு வருஷமாக நான் இன்ஸ்பெக்‌ஷனில் கழித்துக்கட்டுகிற பட்டைகளில் இரண்டு வகை. வளைவு அளவுக்கு மேல் கூடிப்போனதற்கு மஞ்சள் பூசுவேன். உலையில் பதம் தப்பி, கண்ணாடி மாதிரி உடைகிறதற்குச் சிவப்பு. சிவப்பை நான் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் மஞ்சளுக்கு என்ன குறை? வளைவு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது அதுதானே. நான்கு மூலைக்கும் நான்கு மெயின் பட்டை மாற்றினால் வண்டி தானாக நிமிரும். எடைக்கு எடுக்கிற திம்மராயனிடம் இரும்பு விலைக்கே வாங்கித் தருகிறேன். விதிப்படி கழிவுப் பட்டையை இரண்டாக வெட்டித்தான் வெளியே விட வேண்டும். அது என் பாடு.

உயரம் கூடினால் வண்டி சாயப் பார்க்கும். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாதீர்கள், திருப்பத்தில் மெதுவாகப் போங்கள். பிரேக் ஹோஸை நீளமானதாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுத்துக்கொள்ளும்.

பூவுக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.
ரத்தினவேல்


சாமல்பட்டி
2.9.1988

மச்சானுக்கு கோவிந்தப்பன். எல்லோரும் சுகம், பாப்பாவுக்கு மட்டும் சளி.

எட்டுப் பேரா? பன்னிரண்டு பேர் ஏற்றினால்தான் டீசல் காசு போக வீட்டுக்கு அரிசி வரும். நீங்கள் மாதச் சம்பளக்காரர், சொல்லிவிட்டீர்கள். சரி, சொன்னால் சொன்னதுதான், எட்டே ஏற்றுகிறேன். அதற்கு ஏற்றாற்போல் இன்னும் இரண்டு நடை கூட ஓட்டிக்கொள்கிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பட்டை வந்தாக வேண்டும். மதுரைவீரன் இப்போது என் வண்டியில் ஏறுவதில்லை, கொட்டாயிலிருந்து நடந்தே ஸ்டேஷனுக்கு வருகிறார். பின்னால் நான் ஹாரன் அடித்தால் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடுகிறார். தினமும் பார்க்கிறேன். சீக்கிரம் அனுப்புங்கள்.

கோவிந்தப்பன்


ஓசூர்
24.10.1988

மாப்பிள்ளைக்கு ரத்தினவேல். தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். ஆயுத பூஜை முடியும்வரை கழிவுக் குவியலில் கை வைக்க விடவில்லை.

இந்த வருஷம் எங்கள் செக்‌ஷனுக்குத்தான் அலங்காரத்தில் முதல் பரிசு, ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். மெஷினைத் துடைத்து, தோரணம் கட்டி, வாழை நட்டது எல்லாரும் செய்வதுதான். முதலாளி வருகிற வழியில் கழிவுக் குவியல் கோரமாகக் கிடந்தது. நான்தான் சொன்னேன், அதை வரிசையாக அடுக்கி மொத்தத்துக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று. என்னோடு வேலை செய்கிற சுடலைமுத்து மஞ்சளும் சிவப்புமாக ஒரு பட்டைக்குப் பொட்டு வேறு வைத்தான். முதலாளி நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். சூப்பர்வைசர் என் முதுகில் தட்டி, நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் 'சென்னாகிதே' என்றார்.

நான்கு பட்டையும் நானே பொறுக்கி எடுத்தேன். வளைவு பார்த்து, சுத்தியால் தட்டி ஓசையும் பார்த்தேன். தக்காளி இறக்க ஊத்தங்கரை சந்தைக்கு வருகிற பேரிகை ஊர் லாரியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கறுகறுவென்று புதுசு மாதிரி இருக்கும், பெயிண்ட் கம்பெனி செலவு. இந்த மழைக்கு உங்கள் ஓடையை ஒரு கை பாருங்கள்.

பூவுக்கு அந்தக் குடத்தை எடுத்து வைத்திருக்கிறேன், பொங்கலுக்குக் கொண்டுவருகிறேன்.
ரத்தினவேல்


சாமல்பட்டி
20.11.1988

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். மனதாரச் சொல்கிறேன்.

பட்டை மாட்டி இருபது நாள் ஆகிறது. அளந்து பார்த்தேன், நான்கு விரலுக்கு மேலேயே நிற்கிறது. போன வாரம் இடுப்பளவு தண்ணீர். வேறு யாரும் இறங்கவில்லை, நான் இறங்கினேன். பாறை எங்கே போனதென்றே தெரியவில்லை. அக்கரையில் நின்ற ஆட்கள் விசில் அடித்தார்கள். எல்லோரும் ஏற ஏணி மாதிரி ஒரு படி வைத்திருக்கிறேன்.

நேற்று மதுரைவீரன் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். சென்னம்மாளும் கூட இருந்தாள். 'இன்னிமேலிக்கு இந்த வண்டி நிக்காதில்ல?' என்று கேட்டாள். 'நிக்காது தாயி' என்றேன். இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பூவுவிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். முன்பக்கம் இடது பட்டையை மாட்டும்போது பட்டறை உலைக்காரர் சுத்தியால் ஓரத்தில் அடித்தார். நகத்தளவு ஒரு சில் தெறித்துப் போனது, கண்ணாடி உடைந்த மாதிரி. 'இன்னா இரும்புப்பா இது' என்றார். கம்பெனிப் பட்டை அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லிவிட்டேன். அப்படித்தானே? ஒரு வரி எழுதுங்கள்.

கோவிந்தப்பன்


ஓசூர்
2.1.1989

மாப்பிள்ளைக்கு ரத்தினவேல் எழுதுவது. புது வருஷத்தில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். ராஜாத்திக்கு இந்தக் குளிரில் மறுபடி இளைப்பு. கம்பெனியில் ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். அதனால்தான் எழுத முடியவில்லை. மழை அங்கே எப்படி? பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா? இந்தப் பக்கம் தக்காளி விலை விழுந்து ரோட்டில் கொட்டுகிறார்கள்.

பட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொங்கலுக்கு வருகிறேன், நேரில் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை ஆட்களைக் கொஞ்சம் குறைத்தே ஏற்றுங்கள். மெதுவாக ஓட்டுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

ரத்தினவேல்


சாமல்பட்டி
19.1.1989

அண்ணாவுக்கு பூவம்மாள் எழுதுவது. தந்தி கொடுத்தோம், வந்ததா இல்லையா தெரியவில்லை. நீ பொங்கலுக்கும் வரவில்லை.

போகியன்றைக்குக் காலையில் கொட்டாயிலிருந்து வரும்போது ஓடை தாண்டி இறக்கத்தில் வண்டி திடீரென்று இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் உருண்டுவிட்டது. சென்னம்மாள் அங்கேயே போய்விட்டாள். கொத்தனார் பாஸ்கரன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிரை விட்டார். உன் மாப்பிள்ளைக்குத் தோள் எலும்பு முறிந்திருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

எட்டுப் பேர்தான் ஏற்றினார் அண்ணா. நீ எழுதியிருந்தாய் என்று அதற்கு முந்தைய வாரம் ஆறு பேராகக் கூடக் குறைத்திருந்தார். அன்றைக்குப் பண்டிகை, சந்தைக்குப் போக வேண்டுமென்று இரண்டு பேர் கெஞ்சி ஏறினார்கள். ஊரில் யாரும் இதை நம்பவில்லை. 'வண்டிய தூக்கிகினு திமிரா ஓட்டினான், கவுத்துட்டான்' என்று என் காதுபடப் பேசுகிறார்கள். நேற்றுத் தண்ணீர் எடுக்கப் போனேன், குழாயடியில் ஒருத்தி விடாமல் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

நீ இதெல்லாம் தெரிந்தவன். நேரில் வந்து, வண்டியை உயர்த்தியதில் தப்பில்லை, முறையாகத்தான் செய்தோம் என்று இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் எடுபடும். சீக்கிரம் வா.

பூவு


ஓசூர்
6.2.1989

அன்புத் தங்கை பூவுக்கு அண்ணன் எழுதுவது. மனதைத் தளரவிடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடு, எலும்பு சேரும். இருநூறு ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன்.

லீவு கிடைக்கவில்லை. ராஜாத்தியையும் தனியே விட முடியவில்லை. நல்ல வக்கீலாகப் பாருங்கள், அவர் சொல்கிறபடி செய்யுங்கள். நான் வந்து சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் வெறும் தொழிலாளி, என் பேச்சை யார் மதிப்பார்கள்.

வண்டியைப் பார்க்கப் பார்க்க உங்களுக்கும் கஷ்டம். போலீஸ் விட்டதும் பட்டையோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுங்கள். வைத்திருக்க வேண்டாம்.

அண்ணன்


சாமல்பட்டி
12.3.1989

மச்சானுக்கு கோவிந்தப்பன். ஜாமீனில் வந்திருக்கிறேன். தோள் கூடிவிட்டது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நீங்கள் அனுப்பிய பணம் வந்தது. அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரைவீரன் வீட்டுக்குப் போனேன். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியைச் சோதித்த அதிகாரி, பிரேக் சரியாக இருக்கிறது, முன்பட்டை பள்ளத்தில் விழுந்த அடியில் முறிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். வக்கீல், 'பட்டை முன்னாடியே ஒடஞ்சிதுன்னு சொல்லிப் பார்க்கலாமா' என்று கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் மச்சான் கையால் பொறுக்கிக் கொடுத்த பட்டை, அதன்மேல் பழி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் எங்கே தப்பு செய்தேன் என்று எனக்குப் பிடிபடவில்லை. இறக்கத்தில் இரண்டாவது கியரில்தான் வந்தேன். எட்டுப் பேர். பிரேக் ஹோஸ் மாற்றியிருந்தேன். நீங்கள் சொன்னது எல்லாம் செய்தேன். இடது பக்கம் இழுத்ததும் நான் ஸ்டீரிங்கைத் திருப்பத் தாமதம் செய்துவிட்டேனோ? தூங்கிவிட்டேனோ என்றுகூட நினைக்கிறேன். காலை எட்டு மணிக்கு யாராவது தூங்குவார்களா? சாகும்போது சென்னம்மாள் என்னைப் பார்த்தாள் மச்சான். 'நிக்காது தாயி' என்று நான்தானே சொன்னேன்.

ஏப்ரல் இருபத்தாறு கிருஷ்ணகிரி கோர்ட்டில் வாய்தா. ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்கிறார் வக்கீல். அதற்குள் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நான் செய்த தப்பு எது என்று தெரிந்துவிட்டால் போதும், ஜெயிலுக்குப் போக எனக்குப் பயமில்லை.

கோவிந்தப்பன்


ஓசூர்
2.4.1989

மாப்பிள்ளைக்கு ரத்தினவேல். உங்கள் சுகத்தைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

கறுப்புப் பெயிண்ட் அடித்ததில் மஞ்சளும் சிவப்பும் கலந்துவிட்டது. எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. வளைவு பார்த்தால் தெரியாதா என்று என் திமிர். பன்னிரண்டு வருஷ அனுபவம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டு நான்கைப் பொறுக்கினேன். நவம்பரில் சில் தெறித்ததென்று நீங்கள் எழுதினீர்கள். அன்றைக்கே ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அந்த வாரக் குவியலில் சிவப்பு பதினொன்று. என் கையெழுத்தில் இருக்கிறது. மஞ்சள் பட்டையில் சில் தெறிக்காது மாப்பிள்ளை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

'வண்டியை நிறுத்து' என்று ஒரு தந்தி கொடுத்திருந்தால் போதும், நான்கு ரூபாயோ ஐந்து ரூபாயோ. கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏன், எதற்கு என்று கேள்வி வரும். வெட்டாத பட்டையை வெளியே விட்டது யார் என்று பேச்சு கம்பெனிவரை வந்துவிடுமோ என்று நடுங்கினேன். பொங்கலுக்குள் நல்ல பட்டை ஒன்று தேடி எடுத்துக்கொண்டு வந்து, உங்களுக்கே தெரியாமல் மாற்றிவிடலாம் என்று நாளைத் தள்ளினேன். போகியன்று பட்டையை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுவரை வந்தேன். அங்கே ஊத்தங்கரை பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள் ஜீப் கவிழ்ந்ததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன். அந்தப் பட்டையை அங்கேயே பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

22.4.1989

இதை எழுதி இருபது நாள் பெட்டிக்குள் வைத்திருந்தேன். இன்றைக்கு ராஜாத்தி கண்ணில் பட்டுவிட்டது. படித்துவிட்டாள். திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன்.

கோர்ட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லத் தயாராக இருக்கிறேன். வரட்டுமா, வேண்டாமா? நீங்களும் பூவும் யோசித்து ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

ரத்தினவேல்


சாமல்பட்டி
3.5.1989

அண்ணாவுக்கு பூவம்மாள் எழுதுவது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. புதன்கிழமையே கேஸ் முடிந்துவிட்டது. ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். 'ஆமாங்க, நான்தான் கொன்னேன்' என்றார். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்றரை வருஷம். அங்கிருந்தே சேலம் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கவர் மேல் அவர் பெயர் இருந்ததால் நான் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை பார்க்கப் போனபோது எடுத்துப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, 'மச்சான் எழுதிட்டாரா, படி படி' என்றார். ஜெயிலுக்குப் போன பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் கத்திப் படித்தால்தான் கேட்கும். நானும் கத்திப் படித்தேன். ரிஜிஸ்டர் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். 'படி' என்றார். உன் கையெழுத்து வரைக்கும் படித்தேன்.

கம்பி வலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, 'அப்ப நான் தூங்கலியா பூவு' என்று கேட்டார். 'தூங்கல' என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று மதுரைவீரன் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன், திறந்தார். அவருக்குப் படிக்க வராது, அவருக்கும் நானே படித்துக் காட்டினேன். இரண்டு தரம் படிக்கச் சொன்னார். எங்கே வந்து சொல்லணுமோ சொல்லு, வரேன் என்றார்.

வரட்டுமா, வேண்டாமா என்று எங்களைக் கேட்டிருந்தாய். ஐந்து மாதம் உனக்கு நீயே முடிவு செய்துகொண்டாய், அப்போது எங்களைக் கேட்கவில்லை. பரவாயில்லை, கேட்டுவிட்டாய், சொல்கிறேன். வா. நீ வந்து எழுதிக் கொடுத்தால் மேல் கோர்ட்டில் மனுப் போடலாம் என்கிறார் வக்கீல். உன்னைக் கைது செய்வார்களா என்றும் கேட்டேன். செய்வார்கள், வேலையும் போகும் என்றார். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு கிருஷ்ணகிரியில் வக்கீல் வீட்டில் இருப்போம். நீ வரவில்லையென்றால் மறுநாள் நானும் மதுரைவீரனும் ஓசூருக்கு உன் கம்பெனி கேட்டுக்கே வருவோம். எனக்கு இருப்பது நீ ஒரே அண்ணன். அதையும் யோசித்துவிட்டேன்.

அண்ணிக்கு வேண்டியதெல்லாம் செய்து வைத்துவிட்டுக் கிளம்பு. திரும்பிப் போக நாளாகும்.

பூவம்மாள்